அரசு உங்களிடம் கருத்துக் கேட்கும்போது உள்ளே என்ன நடக்கிறது?

நாளிதழின் உள்பக்கத்தில், டெண்டர் விளம்பரங்களுக்கும் பெயர் மாற்ற அறிவிப்புகளுக்கும் நடுவே, சில நாள் ஒரு சின்னக் கட்டம் வந்திருக்கும். பொடி எழுத்தில் ஒரு சட்டத்தின் பெயர், பிரிவு எண். அப்புறம், 'ஆட்சேபணைகளோ ஆலோசனைகளோ இருப்பின் இத்தனை நாட்களுக்குள் எழுத்துமூலம் தெரிவிக்கலாம்' என்று ஒரு வரி. கீழே ஓர் அதிகாரியின் பதவியும் முகவரியும். பெரும்பாலும் கண் அதில் நிற்பதே இல்லை. ஆனால் மின்கட்டண உயர்வு, ஊருக்குப் பக்கத்தில் வரப்போகும் தொழிற்சாலை, கைப்பேசியில் உள்ள நம் தகவலை யார் எப்படிப் பயன்படுத்தலாம் என்ற விதி எல்லாமே இந்த மாதிரி ஓர் அறிவிப்பாகத்தான் முதலில் வெளியே வருகின்றன. முடிவாகிச் செய்தியில் அடிபடும்போது நாம் பேச வேண்டிய நாள் கடந்திருக்கும்.

இந்தியாவில் இந்தக் கருத்துக் கேட்பு எப்படி நடக்கிறது, அதில் நம் சொல்லுக்கு எங்கே எடை கிடைக்கிறது என்பதைப் புதிதாகத் தெரிந்துகொள்பவர்களுக்காக எழுதுகிறேன்.

முதலில் ஓர் அடிப்படை. நாடாளுமன்றமும் சட்டமன்றமும் இயற்றும் சட்டத்தில் எலும்புக்கூடுதான் இருக்கும். எத்தனை நாள், எவ்வளவு கட்டணம், யாருக்கு விலக்கு, யார் அனுமதி தர வேண்டும் என்பதையெல்லாம் பிறகு துறைகள் விதிகளாகவும் அறிவிக்கைகளாகவும் எழுதுகின்றன. சட்டத்துக்காவது அவையில் விவாதம் உண்டு, செய்தியாளர்கள் இருப்பார்கள். விதி எழுதப்படுவது அலுவலக அறைக்குள். அதனால் அங்கே பொதுமக்கள் நுழையக் கிடைக்கும் முக்கியமான வழி, வரைவு வெளியாகும் அந்தச் சில வாரங்கள்தான்.

சரி, கேட்டே ஆக வேண்டும் என்று கட்டாயம் இருக்கிறதா? எல்லா இடத்திலும் இல்லை. சில சட்டங்களே 'முன்கூட்டி வெளியிட்ட பிறகுதான் விதி செய்யலாம்' என்று சொல்லிவிடும். அப்படிச் சொன்னால், 1897ஆம் ஆண்டின் பொதுப் பிரிவுகள் சட்டத்தின் 23ஆம் பிரிவு வேலை செய்யத் தொடங்கும். துறை வரைவை வெளியிட வேண்டும், எந்த நாளுக்குப் பிறகு அதைப் பரிசீலிக்கப்போகிறோம் என்று குறிப்பிட வேண்டும், அதற்குள் வரும் ஆட்சேபணைகளைப் பரிசீலிக்க வேண்டும். மின்கட்டணத்துக்கு 2003ஆம் ஆண்டின் மின்சாரச் சட்டத்தில் தனி ஏற்பாடு உண்டு. மின்வாரியம் தன் மனுவின் சுருக்கத்தை வெளியிட வேண்டும், மக்கள் சொன்னதைப் பரிசீலித்த பிறகே ஒழுங்குமுறை ஆணையம் 120 நாட்களுக்குள் ஆணையிட வேண்டும். 2022 ஆகஸ்டில் கோவை, மதுரை, சென்னையில் தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம் நடத்திய கூட்டங்கள் இந்தச் சட்டத்தின்படி நடந்தவை. செப்டம்பர் 10 முதல் புதிய கட்டணம் நடைமுறைக்கு வந்துவிட்டது.

அப்படி எந்தக் கட்டாயமும் இல்லாத சட்டங்களுக்காக ஒன்றிய அரசு 2014 பிப்ரவரியில் ஒரு கொள்கை வகுத்தது. எந்த மசோதாவாக இருந்தாலும், விதியாக இருந்தாலும், வரைவையோ அதன் முக்கிய விவரங்களையோ குறைந்தது 30 நாள் பொதுவில் வைக்க வேண்டும். ஏன் கொண்டுவருகிறோம், எவ்வளவு செலவாகும், சுற்றுச்சூழலையும் அடிப்படை உரிமைகளையும் பாதிக்குமா என்று கூடவே சொல்ல வேண்டும். சட்டமொழி புரியாதவருக்காக எளிய விளக்கக் குறிப்பு ஒன்றும் வைக்க வேண்டும். வந்த கருத்துகளின் சுருக்கத்தை இணையத்தில் போட வேண்டும். படிக்க மிக நன்றாக இருக்கிறது. ஆனால் இது சட்டமில்லை, அமைச்சகங்களுக்குச் சொல்லப்பட்ட நடைமுறை மட்டுமே. முடியவில்லை என்று ஒரு துறை நினைத்தால், அமைச்சரவைக்கான குறிப்பில் காரணத்தை எழுதிவிட்டுத் தாண்டிப் போகலாம். முக்கியமான மசோதாக்கள் பல, மக்கள் கண்ணில் படாமலே நேராக அவைக்கு வந்து சேர்வதற்கு இந்தத் தளர்வுதான் இடம் தருகிறது. இதைச் சட்டமாகவே ஆக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

உச்ச நீதிமன்றமும் அந்தத் திசையில் பேசியிருக்கிறது. அழைப்பு பாதியில் அறுந்தால் வாடிக்கையாளருக்கு இழப்பீடு தர வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் போட்ட விதியை 2016 மே மாதம் ரத்து செய்தபோது, அமெரிக்காவில் இருப்பதுபோல ஒரு சட்டத்தை இங்கேயும் நாடாளுமன்றம் யோசிக்கலாம் என்று நீதிமன்றம் சொன்னது. அமெரிக்காவில் 1946ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, துறைகள் பொதுவாக வரைவை வெளியிட்டுக் கருத்துக் கேட்க வேண்டும். முக்கியமான ஆட்சேபணை ஒன்றுக்குப் பதில் சொல்லாமல் விதியை இறுதி செய்தால், அங்குள்ள நீதிமன்றம் அந்த விதியையே தள்ளிவிட முடியும். அரசு பதில் சொல்லியாக வேண்டும் என்ற அந்தக் கட்டாயம் இங்கே பொதுவிதியாக இல்லை.

ஆனாலும் கட்டாயம் உள்ள இடத்தில் கேட்காமல் விட்டால், இங்கேயும் விளைவு உண்டு. 2020 மார்ச் 28, ஊரடங்கு தொடங்கிய அதே வாரம். சாலை, குழாய்ப்பாதை போன்ற நீளவாக்குத் திட்டங்களுக்கு மண் எடுக்க முன்கூட்டிச் சுற்றுச்சூழல் அனுமதி தேவையில்லை என்று ஒன்றியச் சுற்றுச்சூழல் அமைச்சகம் ஓர் அறிவிக்கையில் விலக்கு அளித்தது. வரைவு வெளியிடவில்லை, யாரையும் கேட்கவில்லை. பொதுநலன் கருதி முன்னறிவிப்பைத் தவிர்க்கலாம் என்ற விதியைப் பயன்படுத்திக்கொண்டார்கள். 2024 மார்ச் 21 அன்று உச்ச நீதிமன்றம் அந்த விலக்கை ரத்து செய்தது. ஏன் அவ்வளவு அவசரம், கேட்காமல் விட்டதற்குப் பொதுநலன் சார்ந்த காரணம் என்ன என்பதற்கு அரசிடம் சரியான விடை இல்லை. தமிழ்நாட்டில் ஏரியிலும் புறம்போக்கிலும் மண் அள்ளுவதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்த வழக்கு எவ்வளவு பெரியது என்று விளக்க வேண்டியதில்லை.

மொழியும் அவகாசமும்

கருத்துக் கேட்பில் மக்கள் தோற்பது பெரும்பாலும் இந்த இரண்டு இடத்தில்தான். 2020இல் வந்த சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. எந்தத் திட்டத்துக்கு அனுமதி வேண்டும், எதற்கு மக்களிடம் கேட்க வேண்டும், எதற்குக் கேட்க வேண்டாம் என்பதை 2006 முதல் ஓர் அறிவிக்கை தீர்மானித்து வருகிறது. அதற்குப் பதிலாகப் புதிய வரைவு ஒன்று 2020 ஏப்ரலில் அரசிதழில் வெளியானது. ஆட்சேபணை சொல்ல 60 நாள். நாடே வீட்டுக்குள் முடங்கியிருந்தது. ஆங்கிலமும் இந்தியும் தெரியாத மீனவரோ விவசாயியோ அதைப் படிக்கவே வழியில்லை.

எதிர்ப்பு வந்ததும் கடைசி நாளை ஜூன் 30க்குத் தள்ளினார்கள். அதே ஜூன் 30 அன்று டெல்லி உயர் நீதிமன்றம், ஆகஸ்ட் 11 வரை அவகாசம் தர வேண்டும், அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள 22 மொழிகளிலும் வரைவை மொழிபெயர்க்க வேண்டும் என்று உத்தரவிட்டது. ஆட்சிமொழிச் சட்டப்படி இந்தியும் ஆங்கிலமும் போதும் என்பது அரசின் வாதம். அதைச் சொல்லி உச்ச நீதிமன்றம் வரை போனது. இதற்கிடையில் தமிழ் உட்படப் பல மொழிகளில் தன்னார்வலர்களே மொழிபெயர்த்துப் பகிர்ந்தார்கள். மின்னஞ்சல்கள் பல லட்சமாகக் குவிந்தன. அந்த வரைவு இன்றுவரை இறுதி வடிவம் பெறவில்லை. அதன் சில அம்சங்கள் பிறகு தனித்தனி உத்தரவுகளாக வந்தன என்பதையும் மறக்கக் கூடாது. ஒரு வரைவு நின்றுவிட்டது என்று நிம்மதியாக இருந்துவிட முடியாது.

எண்ணிக்கைக்கு எவ்வளவு மதிப்பு?

'நான் ஒருத்தன் எழுதி என்ன ஆகப்போகுது' என்று சொல்பவர்களும், 'எல்லாரும் இதை அப்படியே நகலெடுத்து அனுப்புங்கள்' என்று சொல்பவர்களும் ஒரே எண்ணத்தில்தான் இருக்கிறார்கள். கருத்துக் கேட்பு ஒரு வாக்கெடுப்பு, தலைகளை எண்ணுவார்கள் என்று இருவருமே நம்புகிறார்கள். அது அப்படி இல்லை. இதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் நம் உழைப்பு வீணாவது இங்கேதான்.

டிராயில் நடந்ததைப் பாருங்கள். இந்தியாவில் கருத்துக் கேட்பைப் பொறுத்தவரை ஓரளவு ஒழுங்கான நடைமுறை இந்த ஆணையத்திடம் இருக்கிறது. முதலில் கேள்விகளோடு ஒரு கலந்தாய்வு அறிக்கை வெளியிடுவார்கள். வரும் பதில்களை எல்லாரும் பார்க்கும்படி இணையத்தில் போடுவார்கள். அந்தப் பதில்களுக்கு மறுப்பு எழுதத் தனி அவகாசம் தருவார்கள். பெரும்பாலும் நேரடிக் கூட்டமும் இருக்கும். கடைசியில் விதி வரும்போது ஏன் இப்படி முடிவெடுத்தோம் என்ற விளக்கமும் சேர்ந்தே வரும்.

2015 மார்ச் 27 அன்று இணையச் சேவைகளை ஒழுங்குபடுத்துவது பற்றி 20 கேள்விகளோடு ஓர் அறிக்கை வந்தது. வாட்ஸ்அப் போன்றவற்றுக்குத் தனி உரிமம் வேண்டுமா, நிறுவனங்கள் சில இணையதளங்களுக்கு மட்டும் சலுகை காட்டலாமா என்பதெல்லாம் அதில் இருந்தன. இணையச் சமவாய்ப்பு வேண்டும் என்று பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட மின்னஞ்சல்கள் போயின. அதுவரை டிராய் பார்த்திராத அளவு. அத்தனையையும் அனுப்பியவர்களின் மின்னஞ்சல் முகவரியோடு ஆணையம் வெளியிட்டுவிட்டது என்பது தனிக் கதை. கருத்து அனுப்பும் எவரும் தங்கள் பெயர் பொதுவில் வரலாம் என்று தெரிந்தே அனுப்புவது நல்லது.

அதே ஆண்டு டிசம்பரில் அடுத்த அறிக்கை. இந்த முறை ஒரே விஷயம்: வேறுவேறு இணையதளங்களுக்கு வேறுவேறு கட்டணம் வாங்கலாமா? கேள்விகள் நான்கே நான்கு. அப்போது ஃபேஸ்புக், சில இணையதளங்களை மட்டும் கட்டணமில்லாமல் தரும் தன் 'ஃப்ரீ பேசிக்ஸ்' திட்டத்தை இந்தியாவில் நிலைநிறுத்தப் பார்த்துக்கொண்டிருந்தது. பயனர்கள் ஒரு பொத்தானை அழுத்தினால் போதும், தயாராக எழுதிவைத்த ஆதரவுக் கடிதம் டிராய்க்குப் போய்விடும். லட்சக்கணக்கில் போனது. டிராய் என்ன செய்தது? இந்தக் கடிதங்கள் நாங்கள் கேட்ட நான்கு கேள்விகளில் ஒன்றுக்கும் பதில் சொல்லவில்லையே என்றது. ஆலோசனை நடைமுறையைத் திட்டமிட்ட ஆள்சேர்ப்பு வாக்கெடுப்பாக மாற்றுகிறீர்கள் என்று ஃபேஸ்புக்குக்கே கடுமையாக எழுதியது. 2016 பிப்ரவரி 8 அன்று பாரபட்சக் கட்டணத்துக்குத் தடை வந்தது. மீறினால் நாளுக்கு 50,000 ரூபாய், அதிகபட்சம் 50 லட்சம் ரூபாய் அபராதம். சில நாட்களில் ஃப்ரீ பேசிக்ஸ் இந்தியாவிலிருந்து விலகிக்கொண்டது.

எண்ணிக்கை பயனற்றது என்று நான் சொல்லவில்லை. பத்து லட்சம் மின்னஞ்சல் அரசியல்வாதிகளைத் திரும்பிப் பார்க்க வைக்கும், செய்தியாகும். ஆனால் கோப்பில் உட்கார்ந்து விதியை எழுதுகிற அலுவலரின் மேசையில் வேலை செய்வது வேறு. இந்தப் பிரிவு இப்படி இருந்தால் இன்ன இடத்தில் இடிக்கும், அதற்குப் பதில் இப்படி எழுதலாம் என்று சொல்லும் காகிதம்தான் அங்கே நிற்கும். நாளை வழக்கு வந்தால் நீதிமன்றத்தில் எடுத்துக்காட்டப்படுவதும் அதுவே: 'இந்த ஆபத்தை அன்றே எழுத்தில் சொன்னோம், துறை அதற்குப் பதிலே சொல்லவில்லை.'

மண்டபத்தில் நடக்கும் கூட்டம்

தொழிற்சாலை, சுரங்கம், துறைமுகம் போன்ற திட்டங்களுக்கு நடக்கும் மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் கொஞ்சம் வேறுமாதிரி. இது கொள்கை பற்றியது இல்லை, குறிப்பிட்ட ஒரு திட்டம் பற்றியது. ஆனால் நம் ஊர்களில் பலருக்கு அரசோடு நேருக்கு நேர் பேசக் கிடைக்கும் ஒரே மேடை இதுதான் என்பதால் விரிவாகவே சொல்கிறேன்.

2006 அறிவிக்கையின்படி, மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கூட்டத்துக்கு ஏற்பாடு செய்யும். ஒரு தேசிய நாளிதழிலும் ஒரு வட்டார மொழி நாளிதழிலும் விளம்பரம் தந்து, குறைந்தது 30 நாள் அவகாசம் கொடுக்க வேண்டும். திட்டத்தின் மதிப்பீட்டு அறிக்கை வரைவு ஆட்சியர் அலுவலகம், மாவட்டத் தொழில் மையம், ஒன்றியச் சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் வட்டார அலுவலகம் போன்ற இடங்களில் மக்கள் பார்வைக்கு இருக்க வேண்டும். அறிக்கையின் சுருக்கம் தமிழிலும் கிடைக்கும். முழு அறிக்கை பல நூறு பக்கம், பெரும்பாலும் ஆங்கிலத்தில் மட்டும். சுருக்கத்தை மட்டும் படித்துவிட்டுப் போகிறவர்கள் கூட்டத்தில் திணறுவது இதனால்தான். நிலத்தடி நீர் எவ்வளவு எடுப்பார்கள், கழிவு எங்கே போகும் என்ற விவரங்கள் முழு அறிக்கையின் அட்டவணைகளில் இருக்கும். ஊரில் வேதியியலோ பொறியியலோ படித்த ஒரு பிள்ளையைக் கூட்டிக்கொண்டு ஆட்சியர் அலுவலகம் போய், அந்தப் பக்கங்களைப் படமெடுத்து வந்தால் பாதி வேலை முடிந்துவிடும்.

கூட்டம் திட்டம் வரும் இடத்துக்குப் பக்கத்தில் நடக்க வேண்டும். ஆட்சியரோ, கூடுதல் மாவட்ட நடுவர் நிலைக்குக் குறையாத அவருடைய பிரதிநிதியோ தலைமை வகிப்பார். நிறுவனம் முதலில் திட்டத்தை விளக்கும். அப்புறம் யார் வேண்டுமானாலும் கேள்வி கேட்கலாம். முழுவதும் வீடியோவில் பதிவாகும். இத்தனை பேர் வந்தால்தான் கூட்டம் செல்லும் என்று எந்தக் கணக்கும் கிடையாது. அதனால் புறக்கணிப்பதால் கூட்டம் செல்லாமல் போய்விடாது. நம் பக்கத்துப் பேச்சு பதிவேட்டில் ஏறாமல் போவதுதான் மிச்சம்.

பலர் கவனிக்காமல் கிளம்பிவிடும் ஒரு கட்டம் கடைசியில் வருகிறது. கூட்டம் முடியும்போது, பேசியவை அனைத்தின் சுருக்கத்தையும் உள்ளூர் மொழியில் வாசித்துக் காட்ட வேண்டும் என்பது விதி. அன்றைக்கே தலைமை வகித்த அதிகாரி அதில் கையெழுத்திட வேண்டும். நீங்கள் கேட்ட கேள்வி அதில் இல்லையென்றால் எழுந்து சொல்ல வேண்டிய நேரம் அதுதான். தொண்டை வறளப் பேசிவிட்டு, சாப்பாட்டு நேரம் ஆயிற்று என்று கிளம்பிவிட்டால், டெல்லியிலோ சென்னையிலோ இருக்கும் மதிப்பீட்டுக் குழுவின் கைக்குப் போகும் காகிதத்தில் என்ன இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது. நேரில் வர முடியாதவர்கள் எழுத்துமூலமும் அனுப்பலாம். பேசியவர்களும் அதையே எழுதி நேரில் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிக்கொள்வது நல்லது.

மேலிருப்பவர் உண்மையாகவே கேட்க நினைத்தால் என்ன ஆகும் என்பதற்கு, மரபணு மாற்றிய பி.டி. கத்திரிக்காய் விவகாரம் சான்று. 2009 அக்டோபரில் மரபணுப் பொறியியல் ஒப்புதல் குழு அதற்குப் பச்சைக்கொடி காட்டியிருந்தது. அப்போதைய சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் அதோடு விடவில்லை. 2010 ஜனவரியிலும் பிப்ரவரியிலும் ஏழு நகரங்களில் தாமே உட்கார்ந்து கேட்டார். விவசாயிகள், விஞ்ஞானிகள், விதை நிறுவனத்தார், நுகர்வோர் என்று ஆயிரக்கணக்கானோர் வந்தார்கள், கூச்சலும் இருந்தது. முதல்வர்களுக்கு எழுதினார், எம். எஸ். சுவாமிநாதன் போன்ற அறிவியலாளர்களின் கருத்தையும் வாங்கினார். பிப்ரவரி 9 அன்று அனுமதியை நிறுத்திவைத்தார், காரணங்களை நீண்ட ஆவணமாக வெளியிட்டார். அந்த முடிவை ஏற்காதவர்கள் இன்றும் உண்டு. ஆனால் யார் என்ன சொன்னார்கள், அதை ஏன் ஏற்றார் என்று படித்துப் பார்த்து வாதாட ஓர் ஆவணமாவது இருக்கிறது.

எப்படி எழுதுவது

2020 வரைவிலிருந்தே ஓர் எடுத்துக்காட்டு. கருத்துச் சொல்ல மக்களுக்குத் தரும் 30 நாளை 20 நாளாகக் குறைக்கும் பிரிவு அதில் இருந்தது. 'இது மக்கள் விரோத வரைவு, உடனே திரும்பப் பெற வேண்டும்' என்று எழுதினால் கோபம் புரியும். ஆனால் அலுவலர் அதை 'பொதுவான எதிர்ப்பு' என்ற ஒற்றை வரியில் அடக்கிவிடுவார். அதையே இப்படி எழுதிப் பாருங்கள்:

'கருத்துச் சொல்லும் அவகாசத்தை 30 நாளிலிருந்து 20 நாளாகக் குறைக்கும் பிரிவை எதிர்க்கிறேன். எங்கள் ஊரிலிருந்து முழு அறிக்கையைப் பார்க்க மாவட்டத் தலைநகருக்குப் போக வேண்டும். அறிக்கை ஆங்கிலத்தில் இருக்கிறது. படித்து விளக்க ஆள் தேடி, கடலுக்குப் போனவர்கள் திரும்பிய பிறகு ஊர்க்கூட்டம் போட்டுப் பேச 20 நாள் போதாது. 30 நாளையே தொடர வேண்டும். முழு அறிக்கையின் தமிழாக்கமும் முதல் நாளிலேயே ஊராட்சி அலுவலகத்தில் கிடைக்க வேண்டும்.'

எந்தப் பிரிவு, யாரை எப்படிப் பாதிக்கும், பதிலாக என்ன வேண்டும் என்ற மூன்றும் அதில் இருக்கின்றன. சட்டம் படித்திருக்க வேண்டியதில்லை. கடலுக்குப் போனவர் எப்போது திரும்புவார் என்பது டெல்லியில் வரைவு எழுதியவருக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும். அந்த மாதிரித் தகவலைத்தான் கருத்துக் கேட்பு உள்ளே கொண்டுபோக வேண்டும். தமிழிலேயே எழுதுங்கள். ஒன்றிய அரசுக்கு அனுப்புவதானால், முடிந்தால் ஓர் ஆங்கிலச் சுருக்கமும் சேர்த்துவிடுங்கள். கடைசி நாள் வரை காத்திருக்க வேண்டாம்.

அனுப்பிய பிறகு என்ன ஆகிறது என்பதுதான் இந்த ஏற்பாட்டின் இருண்ட பகுதி. டிராய் போல எல்லாரும் வெளியிடுவதில்லை. 2025 ஜனவரியில் தனிநபர் தரவுப் பாதுகாப்பு விதிகளின் வரைவை வெளியிட்ட மின்னணு அமைச்சகம், வரும் கருத்துகளை நம்பிக்கையின் பேரில் வைத்திருப்போம், வெளியிட மாட்டோம் என்று முன்பே சொல்லிவிட்டது. மனம்திறந்து எழுத அது உதவும் என்பது அவர்கள் தரப்பு. எனக்கு அது சரியாகப் படவில்லை. பெரிய நிறுவனம் ஒன்று என்ன கேட்டது, அது கேட்டபடி விதி மாறியதா என்று ஒப்பிட்டுப் பார்க்க நமக்கு வழியே இல்லாமல் போகிறது.

இறுதி அறிவிக்கை அரசிதழில் வரும்போது, அதன் முன்னுரையில் 'பெறப்பட்ட ஆட்சேபணைகளும் ஆலோசனைகளும் முறையாகப் பரிசீலிக்கப்பட்டன' என்ற பொருளில் ஒரு வரி வழக்கமாக இருக்கும். வரைவையும் இறுதி வடிவத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, நீங்கள் எழுதிய பிரிவு மாறியிருக்கிறதா என்று பாருங்கள். மாறவில்லையென்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. மக்களைப் பாதிக்கும் முக்கியக் கொள்கைகளை வகுக்கும்போது தொடர்புடைய விவரங்களைத் தானாகவே வெளியிட வேண்டும் என்று அந்தச் சட்டத்தின் 4ஆம் பிரிவு சொல்கிறது. 10 ரூபாய் கட்டணத்தோடு விண்ணப்பம் போடுங்கள். 'என் கருத்தை ஏன் ஏற்கவில்லை' என்று கேட்டால், அது தகவல் இல்லை என்று திருப்பிவிடுவார்கள். 'இந்த வரைவு மீது வந்த கருத்துகளைத் தொகுத்த அட்டவணையின் நகல், ஒவ்வொன்றின் மீதும் எழுதப்பட்ட கோப்புக் குறிப்புகளின் நகல்' என்று ஆவணத்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். பதில் சொல்ல அவர்களுக்கு 30 நாள்.